வெளியே தெரியாத அழற்சி: வேலைப்பளுவும் தொந்தியும்



இராஜபாளையத்தில் 1936-ஆம் ஆண்டு பி.ஏ.சி. ராமசாமி ராஜா நூற்பாலை நிறுவினார். பின்னர் பல மில்கள் வந்தன. இன்று இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நூற்பும் நெசவும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. சோறு போடும் அந்த உடம்பைக் கவனிக்கிறோமா?

"என்னங்க, நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தும் தூங்காம உட்கார்ந்திருக்கீங்க?"

"ராத்திரி பூரா நூல் அறுந்துக்கிட்டே இருந்துச்சு. சூப்பர்வைசர் ஏசிட்டாரு. அதே நெனப்பு. பெல்ட்டுக்கும் இன்னொரு ஓட்டை போடணும் போல."

இந்தக் கவலைக்கும் அந்த பெல்ட்டுக்கும் தொடர்பு உண்டு.

அழற்சி என்றால் என்ன?

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறது. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது. அதுவே அழற்சி. புண் ஆறியதும் அடங்கிவிடும். ஆனால் தொந்தியில் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. ஓயாத மனக்கவலையும் தூக்கக் குறைவும் அந்த நெருப்பை ஊதிவிடுகின்றன. பசியையும் கூட்டித் தொந்தியை வளர்க்கின்றன. வலியோ காய்ச்சலோ தெரியாது. உள்ளே இரத்தக் குழாய்கள் கெடுகின்றன. சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் வழி பிறக்கிறது.

இது ஊகம் அல்ல. இலண்டனில் 10,000-க்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை 1985 முதல் கவனித்து வந்தார்கள். நெடுநாள் வேலை நெருக்கடியில் இருந்தவர்களுக்குத் தொந்தி, இரத்தக் கொதிப்பு, சர்க்கரைக் கோளாறு சேர்ந்து வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2006-ல் வெளியிட்டார்கள்.

என்ன செய்யலாம்?

1. இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

2. நைட் ஷிப்ட் பார்த்தவரைப் பகலில் சத்தமில்லாத, இருட்டான இடத்தில் தூங்க விடுங்கள். மனைவி வேலைக்குப் போனால் கணவர் அடுப்படி வேலையில் பங்கெடுக்கட்டும்.

3. வடைக்குப் பதில் சுண்டல், இனிப்பு டீக்குப் பதில் மோர். பால்கோவா விசேஷ நாளுக்கு மட்டும்.

4. தினம் அரை மணி நேரம் நடங்க. 70 கிலோ உள்ளவர் 4, 5 கிலோ குறைத்தாலே நல்ல பலன் தெரியும்.

5. பீடி, சிகரெட்டை விட்டுவிடுங்கள். அவையும் அழற்சியைக் கூட்டும்.

6. 30 வயதானதும் இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. மனசுல உள்ளதை ஒருவருக்கொருவர் பேசுங்கள். கவலை தீராவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், வெட்கம் வேண்டாம்.

நூல் அறுந்தால் ஒட்டிவிடலாம். உயிர் அறுந்தால் ஒட்ட முடியாது!