குழவிக் கண்ணின் கட்டியும் படங்கள் தரும் சான்றும்

கட்டி தோன்றிய இடத்தினின்று சிறு துணுக்கெடுத்து நுண்ணோக்கியில் ஆய்ந்து, புற்றா அன்றா எனத் துணிதல் மருத்துவ மரபு. குழந்தைகளின் விழித்திரையில் எழும் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் புற்றுக்கு அம்மரபு ஆகாது. ஊசி சென்ற வழியே புற்றணுக்கள் கண்ணுக்கு வெளியே பரவக்கூடும். ஆதலின் கண்ணைத் துளையாமலே நோயைத் துணிய வேண்டியுள்ளது. படங்களே இங்குச் சான்று.

முதற்சான்று பெரும்பாலும் வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. பளிச்சொளியில் எடுத்த நிழற்படத்தில் ஒரு பாவை சிவந்தும் மற்றது வெளுத்தும் தோன்றும். கண்புரை முதலியனவும் இவ்வெண்மையைத் தருமெனினும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையிடம் இதனைக் கண்டபின் நாள் கடத்துதல் பெரும்பிழை.

மருத்துவர் பாவையை விரித்து விழித்திரையை நேரிற் கண்டபின், மிகையொலிக் கருவியை மூடிய இமைமேல் வைப்பார். இப்புற்றின் சிறப்படையாளம் அதனுள் படியும் சுண்ணம். ஒலியலைகளை அது வலுவாக எதிரொலித்து வெண்புள்ளிகளாய் ஒளிரும்; தன் பின்னே நிழலும் வீழ்த்தும்.

சுண்ணத்தை இன்னும் துலக்கமாகக் காட்டவல்லது சி.டி. ஸ்கேன். 1971இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம்பிடித்த அக்கருவியை இக்குழந்தைகளுக்கு இன்று கூடியவரை தவிர்க்கின்றனர். காரணம் எண்ணத்தக்கது. இந்நோயுற்றோருள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பதின்மர் ஆர்.பி.1 என்னும் மரபணுவின் பழுதை உடலெங்கும் சுமப்பவர்கள். பிற்காலத்தில் வேறு புற்றுகள் தோன்றும் இடர் அவர்கட்கு இயல்பாகவே மிகுதி. கதிர்வீச்சு அதனை மேலும் கூட்டும். நோயைக் காட்டவந்த கதிரே நோய்க்கு வித்தாகலாமா?

எனவே எம்.ஆர்.ஐ. முன்னிற்கிறது. காந்தப்புலமும் வானொலி அலைகளும் கொண்டு இயங்கும் இதில் அக்கதிர் இல்லை. சுண்ணத்தைக் காட்டுவதில் சற்றுப் பின்தங்கினும், பார்வை நரம்பின் வழியே புற்று மூளையை நோக்கிப் படர்கின்றதா என்பதை இது நன்கு காட்டும்; மூளையின் நடுவே உள்ள பினியல் சுரப்பியில் உடன்கட்டி உண்டா என்பதையும் உரைக்கும். கண்ணைக் காக்க முயல்வதா, கண்ணை அகற்றி உயிரைக் காப்பதா என்னும் முடிவு பெரிதும் இப்படங்களைப் பொறுத்தது.

மருத்துவம் தொடங்கியபின்னும் படங்களுக்கு ஓய்வில்லை. மருந்தால் சுருங்கிய கட்டி சிலபோது தயிர்க்கட்டி போன்ற வெண்திரளாய் எஞ்சும். அதன் விளிம்பில் புதுவளர்ச்சி உண்டா என அறிய, சில வாரங்களுக்கொருமுறை மயக்கமருந்து தந்து, அகன்ற கோணக் கேமராவால் எடுத்த படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிடுவர். பெற்றோர்க்கு ஒவ்வொரு முறையும் அது புதிய சோதனையே.

மரபணுப் பழுது உள்ள குடும்பமாயின், பின்னர்ப் பிறக்கும் தம்பி தங்கையரின் கண்களையும் பிறந்த சில நாட்களிலேயே ஆய்வர். குருதிச் சோதனையில் அக்குழந்தையிடம் அப்பழுது இல்லையெனத் தெரிந்தால், இம்மயக்கமும் படப்பிடிப்பும் அதற்கு வேண்டுவதில்லை.