உஷார்! எஸ்எஸ்டியை ஃபார்மேட் செய்யும் முன் இதைப் படியுங்கள்

ஹார்ட் டிஸ்க் காலத்துப் பழக்கத்தோடு எஸ்எஸ்டியில் கை வைக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தவறுதலாக ஃபார்மேட் செய்துவிட்டால், ரெக்கவரி மென்பொருளைப் போட்டு ஓரளவாவது மீட்டுவிடலாம். எஸ்எஸ்டியில் அந்த நம்பிக்கையே வேண்டாம். விண்டோஸ் 7 முதல் இருக்கும் 'ட்ரிம்' வசதி, ஃபார்மேட் ஆனதுமே 'இந்த இடமெல்லாம் இனி காலி' என்று டிரைவுக்குத் தெரிவித்துவிடும். குயிக் ஃபார்மேட்தானே என்று அலட்சியமாக இருந்தால், கல்யாண போட்டோவிலிருந்து கடைக் கணக்குவரை போனது போனதுதான்.

ஆகவே முதல் வேலை பேக்கப். காப்பி ஆனால் மட்டும் போதாது. பேக்கப்பிலிருந்து நாலைந்து ஃபைல்களைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்த ஆபத்து, டிஸ்க் மாறிப்போவது. விண்டோஸின் 'டிஸ்க்பார்ட்' கட்டளைக் கருவியில் 'கிளீன்' என்று அடித்து என்டர் தட்டினால், 'நிச்சயமாகவா?' என்று அது கேட்காது. பார்ட்டிஷன் மொத்தத்தையும் துடைத்துவிடும். அதன் டிஸ்க் பட்டியலில் டிரைவின் பெயர் தெரியாது. டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்ணும் அளவும்தான் தெரியும். 512 ஜிபி டிரைவ் அங்கே 476 ஜிபி என்று நிற்கும், 1 டிபி டிரைவ் 931 ஜிபி என்று நிற்கும். ஒரே அளவில் இரண்டு இருந்தால் தொலைந்தோம். தேவையில்லாத டிரைவ்களை முன்பே கழற்றிவிடுங்கள்.

சாதாரண உபயோகத்துக்குக் குயிக் ஃபார்மேட்டே போதும். விண்டோஸில் ஃபுல் ஃபார்மேட் டிரைவ் முழுக்கப் பூஜ்ஜியத்தை எழுதும். எஸ்எஸ்டியின் செல்கள் இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கணக்கோடு வருபவை. ஒரு தடவையில் கெட்டுவிடாது. ஆனாலும் அது வீண் தேய்மானம்.

விற்கப் போகிறீர்களா? அப்போது கதையே வேறு. யுஎஸ்பி பெட்டியில் போட்ட டிரைவுக்கு ட்ரிம் கட்டளை போய்ச் சேராமலும் இருக்கலாம். அழித்ததாக நினைத்த ஆதார் நகலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் உள்ளேயே கிடக்கும். மேலே மேலே எழுதி அழிப்பதும் முழு உத்தரவாதம் இல்லை. எஸ்எஸ்டி நமக்குக் காட்டாமல் கொஞ்சம் இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது, அங்கே நம் கை எட்டாது. சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் சோதித்தபோது, தனி ஃபைலை மட்டும் அழிக்கும் முறைகள் எஸ்எஸ்டியில் பலிக்கவில்லை. சில டிரைவ்களில் அழிக்கும் கட்டளையே ஒழுங்காக வேலை செய்யவில்லை.

எனவே விற்கும் முன், டிரைவை முதலில் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரில் முழுதாகப் பூட்டுங்கள். பிறகு டிரைவ் கம்பெனியே தரும் மென்பொருளில் 'செக்யூர் எரேஸ்' கொடுங்கள். சாம்சங்குக்கு மெஜிஷியன், குருஷியலுக்கு ஸ்டோரேஜ் எக்ஸிகியூட்டிவ். அது ஓடும்போது கரன்ட் போய்விடக் கூடாது. லேப்டாப் என்றால் சார்ஜரில் போட்டுவிட்டே ஆரம்பியுங்கள்.

பேக்கப்பைத் திறந்து பார்க்காதவரை, டிஸ்க் எண்ணை இரண்டாம் முறை சரிபார்க்காதவரை, தயவுசெய்து என்டரைத் தட்டாதீர்கள்!