விரிய இடம் கேட்கும் படலங்கள்

எல்சிடி தொலைக்காட்சியில் பகல் நேரக் கிரிக்கெட் ஆட்டம் பார்க்கும்போது சிலர் இதைக் கவனித்திருப்பார்கள். பந்தைத் துரத்திக்கொண்டு கேமரா ஓடுகிறது, புல்தரை ஓடுகிறது, ஆனால் அதன் மேல் தெரியும் மங்கலான பட்டைகள் மட்டும் ஓடாமல் அதே இடத்தில் நிற்கின்றன. படத்தோடு நகராத கறை படத்தில் இல்லை, பெட்டிக்குள் இருக்கிறது. பேனல் போய்விட்டது என்று பலரும் முடிவுகட்டுவார்கள். உண்மையில் பல பெட்டிகளில் பேனல் நன்றாகவே இருக்கும். கெட்டிருப்பது அதன் முதுகுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டுகள். அவற்றைக் கெடுத்தது வெப்பம்.

திரவப் படிகம் தானாக ஒளிராது. பின்னால் இருந்து வரும் ஒளியை விடுவதும் தடுப்பதும்தான் அதன் வேலை. அந்த ஒளியைத் தருவது பேக்லைட். விளிம்பில் எல்இடி வைத்த பெட்டிகளில், ஒரு கனமான அக்ரிலிக் தகடு பக்கவாட்டில் ஒளியை வாங்கித் திரை முழுவதற்கும் பரப்புகிறது. அதற்குப் பின்னால் வெள்ளைப் பிரதிபலிப்பு ஷீட். முன்னால், ஒளியைச் சிதறடித்துச் சமன்செய்யும் டிஃப்யூசர் ஷீட். அதன்மேல், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முப்பட்டக வரிகள் கொண்ட பிரிசம் ஷீட். அந்த வரிகளுக்கு இடையே உள்ள தூரம் பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. சில பெட்டிகளில் இதற்கும் மேலே இன்னொரு படலம் உண்டு: நூற்றுக்கணக்கான அடுக்குகளை ஒன்றாக இழுத்துச் செய்த பிரதிபலிப்பு போலரைசர். அதன் இயற்பியலை 3எம் நிறுவன ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் விளக்கினார்கள்.

பேக்லைட் தரும் ஒளியில் எவ்வளவு நம் கண்ணை வந்து சேர்கிறது? ஏறத்தாழ நூற்றில் ஐந்து பங்குதான். ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் பேனலின் முதல் போலரைசரிலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. மிஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கை வண்ண வடிகட்டிகள் விழுங்குகின்றன. பிக்சல்களுக்கு இடையே உள்ள கறுப்புச் சட்டங்கள் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. விழுங்கப்பட்ட ஒளி எல்லாம் வெப்பமாக மாறுகிறது. அதற்கு முன்பே, எல்இடிக்குள் போகும் மின்சாரத்தில் பெரும் பகுதி ஒளியாகாமல் நேரடியாக வெப்பமாகிவிடுகிறது. ஒளியியல் படலத்தை வெப்பத்திலிருந்து காப்பது தனி வேலை, வெளிச்சத்தைக் கூட்டுவது தனி வேலை என்று நினைத்துவிடக் கூடாது. பிரிசம் ஷீட் பக்கவாட்டில் சிதறும் ஒளியைத் திருப்பி அனுப்பி, நேர் திசையில் வரும்வரை மறுபடி மறுபடி முயல வைக்கிறது. பிரதிபலிப்பு போலரைசர், வீணாகப் போகவிருந்த பாதி ஒளியை விழுங்காமல் பின்னுக்கு அனுப்பி மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவருகிறது. அதே வெளிச்சத்துக்குக் குறைந்த மின்சாரம் போதும், எனவே வெப்பமும் குறையும். நல்ல படலம் தன்னைத் தானே ஓரளவு காத்துக்கொள்கிறது.

மீதி வெப்பத்தை என்ன செய்வது? பிளாஸ்டிக் வெப்பத்தைக் கடத்துவதில் மிக மந்தமானது. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அக்ரிலிக்கின் கடத்துதிறன் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனால் எல்இடி ஸ்ட்ரிப்பையே அலுமினியப் பலகையில் அமைத்து, அதை உலோகப் பின்சட்டத்தோடு ஒட்டி, வெப்பத்தைப் பின்பக்கமாக வெளியேற்றுகிறார்கள். இடம் குறைந்த கருவிகளில் கிராஃபைட் தாள் உதவுகிறது. உயர்தரமானது தன் தளத்தின் வாக்கில் செம்பை விட வேகமாக வெப்பத்தைப் பரப்பும். ஆனாலும் முழு வெப்பத்தையும் வெளியேற்ற முடியாது. ஷீட்டுகள் சூடாகத்தான் செய்யும். சூடானால் விரியத்தான் செய்யும்.

இங்கே ஒரு கணக்கு. 55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 1.2 மீட்டர். 30 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் பாலியெஸ்டர் ஷீட் அந்த அகலத்தில் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் நீளும். அற்பமான அளவுதான். ஆனால் அதன் இரு விளிம்புகளும் அசையாமல் ஒட்டப்பட்டு, சட்டம் விரியாமல் இருந்தால், நீண்ட அந்த 0.7 மில்லிமீட்டர் போக வழியின்றி ஷீட் வில்லாக வளைய வேண்டும். ஒரே வளைவாக வளைந்தால் நடுவில் புடைக்கும் உயரம் கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர். பெட்டிக்குள் அவ்வளவு இடம் ஏது? அதனால் அது பல சிறு அலைகளாக உடைந்து மடங்குகிறது. ஒவ்வோர் அலையும் பிரிசம் வரிகளின் கோணத்தை மாற்றிவிடுகிறது. கிரிக்கெட் மைதானத்தில் தெரியும் பட்டைகளில் பல இப்படிப் பிறந்தவையே.

இதற்கு வடிவமைப்பாளர்கள் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஷீட்டை ஒட்டுவதில்லை, தொங்கவிடுகிறார்கள். விளிம்பில் காது மாதிரி சிறு நீட்டிப்புகள், அவற்றில் துளைகள். ஒரு துளை மட்டும் முளையில் கச்சிதமாக உட்காரும். மற்றவை நீள்துளைகள், முளையை விட அகலமானவை. ஷீட் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நீளலாம், குளிர்ந்தால் பழைய இடத்துக்குத் திரும்பலாம். அக்ரிலிக் தகட்டுக்கு இதைவிடப் பெரிய இடைவெளி தேவை. அதே 1.2 மீட்டரில், அதே 30 டிகிரியில் அது சுமார் இரண்டரை மில்லிமீட்டர் விரியும். ஈரப்பதத்தை உறிஞ்சியும் கொஞ்சம் பெருக்கும். அந்த விரிவு எல்இடி இருக்கும் பக்கமாகத் தள்ளினால் தகட்டின் விளிம்பு எல்இடியையே தொட்டுவிடும். தொட்ட இடம் பழுக்கும். ஆகவே நடுவில் தடுப்பு வைத்து, விரிவை மறுபக்கம் திருப்புகிறார்கள்.

வெப்பத்தின் அளவை விட அது எப்படிப் பரவுகிறது என்பதே ஷீட்டுக்கு முக்கியம். தடையின்றித் தொங்கும் ஷீட் முழுவதும் ஒரே அளவில் சூடேறினால் அது கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான். கீழ் விளிம்பில் மட்டும் எல்இடி இருந்தால் கதை வேறு. கீழ்ப்பகுதி நீள்கிறது, குளிர்ந்த மேல்பகுதி நீள மறுத்து அதைப் பிடித்து இழுக்கிறது. சட்டம் தடுக்காவிட்டாலும் ஷீட்டே தன்னைத் தடுத்துக்கொள்கிறது. விளிம்போரம் அலைபாய்கிறது. திரை முழுவதும் பின்னால் எல்இடிகளைப் பரப்பி வைக்கும் நேரடி பேக்லைட்டில் இந்தத் தொல்லை குறைவு.

பாலியெஸ்டருக்கு இன்னொரு குணமும் உண்டு. உருவாக்கும்போது அதை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்து மெல்லிசாக்குகிறார்கள். இழுத்த விசை உள்ளே உறைந்து கிடக்கும். ஏறத்தாழ 70 முதல் 80 டிகிரியில் பொருள் இளகத் தொடங்கும்போது அந்த விசை விடுபட்டு ஷீட் சுருங்கும். இந்தச் சுருக்கம் குளிர்ந்தாலும் மீளாது. தைக்கக் கொடுப்பதற்கு முன் புதுத் துணியை நனைத்து உலர்த்துவார்களே, அதேபோல இந்த ஷீட்டையும் தொழிற்சாலையிலேயே சூடாக்கி, சுருங்க வேண்டியதைச் சுருங்கவைத்த பிறகே வெட்டுகிறார்கள். ஒருபக்கம் மட்டும் பிசின் பூசினால் பிசினும் ஷீட்டும் வேறு வேறு அளவில் விரிந்து சுருண்டுவிடும் என்பதால் முதுகுப்பக்கமும் மெல்லிய பூச்சு இடுவதுண்டு. அந்தப் பூச்சில் நுண்மணிகளையும் கலப்பார்கள். சூட்டில் அடுத்தடுத்த ஷீட்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் காற்றிடைவெளி இருக்க அவை உதவும்.

இவ்வளவு கவனமும் வீணாவது மெலிவு மோகத்தால்தான் என்பது என் உறுதியான எண்ணம். பெட்டி மெலிய மெலிய எல்இடிகள் ஒரே விளிம்பில் நெருக்கப்படுகின்றன, உலோகத்தின் கனம் குறைகிறது. கனடாவின் ஆர்டிங்ஸ் நிறுவனம் 2022 இறுதியில் 100 தொலைக்காட்சிகளை நீண்டநாள் ஓடவிடும் சோதனையைத் தொடங்கியது. விளிம்பு எல்இடி பெட்டிகள் பலவற்றில் பிரதிபலிப்பு ஷீட் கோணியிருந்ததையும், அக்ரிலிக் தகடு விரிசல் விட்டிருந்ததையும், எல்இடிகள் கருகியிருந்ததையும் அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். சுவரோடு ஒட்டிய மெல்லிய பெட்டி கடையில் அழகாகத்தான் இருக்கிறது. அந்த அழகுக்கு ஷீட்டுகள் விலை கொடுக்கின்றன.

நிறத்தைச் செம்மையாக்கும் நுண்துகள்களான குவாண்டம் புள்ளிகளின் வரலாறும் இதே பாடத்தைச் சொல்கிறது. 2013-இல் சோனி தன் சில பெட்டிகளில் குவாண்டம் புள்ளிகளைக் கண்ணாடிக் குழலில் அடைத்து எல்இடிக்கு அருகே விளிம்பில் வைத்தது. அங்கே சூடு மிக அதிகம் என்பதால் கண்ணாடிக் கவசம் தவிர்க்க முடியாததாக இருந்தது. பிறகு வந்தவர்கள் புள்ளிகளை ஷீட்டாக்கித் திரை முழுவதும் விரித்தார்கள். எல்இடியிலிருந்து விலகியதால் சூடும் குறைந்தது. ஆக்சிஜனும் ஈரமும் நுழையாதபடி இருபுறமும் தடுப்புப் படலம் வைத்தால் போதுமானதாயிற்று.

பேக்லைட்டை ஒட்டி நிற்கும் பேனலின் பின் போலரைசருக்கு வெப்பமும் ஈரமும் சேர்ந்து வந்தால் ஆபத்து. அயோடின் ஏற்றி இழுத்த பாலிவினைல் ஆல்கஹால் படலம் அது. எட்வின் லேண்ட் 1938-இல் உருவாக்கிய முறையின் வாரிசு. அதைக் காக்கப் பல திரைகளில் இருபுறமும் செல்லுலோஸ் டிரைஅசிடேட் படலம் ஒட்டுவார்கள். பழைய சினிமாச் சுருள்களின் அதே பொருள். நம் பழைய படங்களின் நெகட்டிவ்களை அழித்த அதே புளிப்பு நோய் பழைய மடிக்கணினித் திரைகளையும் பிடிக்கிறது. சூட்டிலும் ஈரத்திலும் படலம் சிதைந்து அசிட்டிக் அமிலம் விடுகிறது. அந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டுகிறது. பிரித்தால் வினிகர் வாடை அடிக்கும். அதனால்தான் புதிய படலங்களை 60 டிகிரி சூட்டிலும் 90 சதவீத ஈரப்பதத்திலும் நூற்றுக்கணக்கான மணி நேரம் வைத்துச் சோதிப்பது வழக்கம். கார் திரைகளுக்குச் சோதனை இன்னும் கடுமை: உறைபனிக்குக் கீழே 40 டிகிரி முதல் மேலே 85 டிகிரி வரை.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பல பெட்டிகளில் ‘பிரைட்னஸ்’ என்று இருப்பது கறுப்பின் அடர்த்தியை மட்டுமே மாற்றும். அவற்றில் எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் குறைப்பது ‘பேக்லைட்’ என்ற தனி அமைப்பு. இருட்டான அறையில் அதை முழு அளவில் வைக்கத் தேவையே இல்லை. ஸ்ட்ரிப் மாற்றக் கொடுக்கிறவர்கள் மெக்கானிக்கிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளலாம்: ஷீட்டுகள் நழுவாமல் இருக்கட்டும் என்று நான்கு பக்கமும் டேப் ஒட்டிவிடாமல், காதுகளைப் பழைய முளைகளிலேயே தொங்கவிடச் சொல்லலாம்.