அகச்சிவப்பில் ஒளிரும் நானோ துகள்: எப்படி இயங்குகிறது?

கரண்டியால் டம்ளரைத் தட்டினால் ‘கிணுங்’. அண்டாவைத் தட்டினால் ‘டொம்’. பாத்திரம் பெரிதாகப் பெரிதாகச் சுருதி இறங்கும். குவாண்டம் புள்ளி என்னும் நானோ துகளிலும் இதே கணக்குதான்; ஒலிக்குப் பதில் ஒளி. லேசரால் தட்டினால், துகளுக்குள் அடைபட்ட எலெக்ட்ரான் மேலே தாவும். திரும்ப இறங்கும்போது ஒளியை உமிழும். காட்மியம் செலினைடு துகள் 2 நானோமீட்டர் என்றால் நீலப்பச்சை, 6 நானோமீட்டர் என்றால் சிவப்பு. குவாண்டம் புள்ளிகளுக்காக 2023 வேதியியல் நோபல் பரிசு பவெண்டி, புரூஸ், எக்கிமோவ் மூவருக்கும் கிடைத்தது.

கதவுக்கு வெளியே எது கேட்கும்?

அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் உட்காருங்கள். டம்ளர் ஒலி அமுங்கிப்போகும். அண்டாவின் ‘டொம்’ வந்து சேரும். நம் உடம்புதான் அந்தக் கதவு. கண்ணுக்குத் தெரியும் ஒளியை ரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கிவிடும், திசு சிதறடித்துவிடும். 1,000 முதல் 1,700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள அகச்சிவப்புக்குச் சிதறல் குறைவு. 1,450-ஐ ஒட்டி மட்டும் உடம்பிலுள்ள நீர் குறுக்கே நிற்கும். திசு தானாக உமிழும் ஒளியும் இங்கே சொற்பம்: தாளிப்புச் சடசடப்பு ஓய்ந்த அடுக்களைதான். அதனால் எலியின் தோலைக் கீறாமலே ரத்தக்குழாய்களைப் படமெடுக்க முடிகிறது. சாதாரண சிலிக்கான் கேமராவுக்கு இந்த ஒளி தெரியாது. இண்டியம் காலியம் ஆர்சனைடு கேமரா வேண்டும்.

பெரிய பாத்திரம் போதுமா?

போதாது. காட்மியம் செலினைடை எவ்வளவு பெரிதாக்கினாலும் சுருதி ஆழ்சிவப்போடு நின்றுவிடும். தவிர, சுமார் 6 நானோமீட்டரைத் தாண்டிய துகளைச் சிறுநீரகம் எளிதில் வெளியேற்றாது. கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடும். பாத்திரம் சிறிதாகவும் சுருதி தாழ்ந்தும் இருக்க வேண்டுமென்றால், உலோகத்தையே மாற்ற வேண்டும். வெள்ளி சல்ஃபைடு துகள் சில நானோமீட்டர் அளவிலேயே 1,200 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி ஒளிரும். காட்மியமோ காரீயமோ இல்லாததால் நச்சுக் கவலையும் குறைவு.

பூச்சு ஏன் சிக்கல்?

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுபோல, ரத்தத்தில் கட்டிதட்டாமல் மிதக்கத் துகளுக்கும் மேற்பூச்சு தேவை. பூச்சு ஏறினால் பருமனும் ஏறும். சிறுநீரக வழி அடைபடும். அதனால்தான் அறுவை மேசையில் இன்றும் 1959-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இண்டோசயனைன் கிரீன் சாயமே ஒளிர்கிறது. அதைக் கல்லீரல் பித்தத்தோடு சீக்கிரமே கழித்துவிடும். வேலை முடிந்ததும் அப்படி வெளியேறத் தெரிந்த துகளைத்தான் மருத்துவர் துணிந்து நோயாளியின் ரத்தத்தில் ஏற்றுவார்.