வாயு ஒன்று, பெயர் நான்கு

அறிவு நமக்கு எவ்வாறு கிடைக்கிறது? மாணவர்களிடம் இதைக் கேட்டால், “கண்ணால் கண்டும் சோதனை செய்தும் அறிகிறோம்” என்று விடை வரும். அது சரியான விடைதான். ஆனால் முழுமையான விடை அன்று. கண்டதைச் சிந்தனை ஒழுங்குபடுத்துகிறது. சிந்தித்ததற்கு மொழி பெயரிட்டுப் பிறரிடம் கொண்டு சேர்க்கிறது. இவ்விரண்டுக்கும் பின்னால் வியப்பு, ஆசை, அச்சம், பிடிவாதம் முதலிய உணர்ச்சிகள் நின்று இயக்குகின்றன.

பகுத்தறிவு நண்பன், உணர்ச்சி பகைவன், மொழி வெறும் பாத்திரம் என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி? இந்த வரியைப் படிக்கும்போதே உங்கள் நுரையீரலுக்குள் சென்றுகொண்டிருக்கும் ஆக்சிஜனின் வரலாற்றைக் கொண்டு இதை ஆராய்வோம்.

எரிதல் என்றால் என்ன?

ஒரு விறகுக்கட்டை எரிந்தபின் கையளவு சாம்பலே மிஞ்சுகிறது. அப்படியானால் கட்டையிலிருந்து ஏதோ ஒன்று வெளியேறிவிட்டது என்றுதானே நீங்களும் சொல்வீர்கள்? 18-ஆம் நூற்றாண்டின் வேதியியலாரும் அவ்வாறே சொன்னார்கள். வெளியேறும் அப்பொருளுக்கு ஜெர்மானிய அறிஞர் ஸ்டால் வழங்கிய பெயர் ஃபிளாஜிஸ்டன்.

இக்கொள்கையை இன்று நாம் கேலி செய்வது எளிது. ஆனால் அது பல செய்திகளை ஒரே நூலில் கோத்தது. மூடிய ஜாடிக்குள் மெழுகுவர்த்தி ஏன் அணைகிறது? உள்ளிருக்கும் காற்று ஃபிளாஜிஸ்டனால் நிறைந்துவிடுகிறது. மேலும் ஏற்க அதற்கு இடமில்லை. உலோகத்தைச் சுட்டால் ஏன் பொடியாக நீறுகிறது? அதிலுள்ள ஃபிளாஜிஸ்டன் போய்விடுகிறது. அந்த நீற்றைக் கரியுடன் சேர்த்துச் சுட்டால் ஏன் மீண்டும் உலோகம் கிடைக்கிறது? கரி தன்னிடமுள்ள ஃபிளாஜிஸ்டனைத் திருப்பித் தருகிறது. எரிதல், துருப்பிடித்தல், சுவாசித்தல் ஆகிய மூன்றும் ஒரே வகை நிகழ்ச்சி என்று கண்டதும் இக்கொள்கைதான். அந்தக் கருத்து இன்றும் நிலைத்து நிற்கிறது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் முள் உறுத்தியது. உலோகம் நீறும்போது அதன் எடை குறைவதில்லை, கூடுகிறது! வெள்ளீயத்தைப் பற்றி இதை ஜான் ரே என்ற பிரெஞ்சுக்காரர் 1630-லேயே எழுதியிருந்தார். ஒரு பொருள் வெளியேறினால் எடை எப்படிக் கூடும்? ஃபிளாஜிஸ்டன் பொருள்களை இலேசாக்கும் தன்மையுடையது போலும் என்று சிலர் சமாதானம் கூறினர். கொள்கையைக் கைவிட மனமில்லாதபோது பகுத்தறிவு அதற்கு முட்டுக்கொடுக்கவும் துணைபோகும் என்பதைக் கவனியுங்கள்.

கையில் கிடைத்தும் அடையாளம் தெரியவில்லை

ஸ்வீடன் நாட்டு மருந்துக் கலவையாளர் ஷீலே 1770-களின் தொடக்கத்தில் ஒரு புதிய வாயுவைப் பிரித்தெடுத்தார். தீயை வளர்த்ததால் அதற்குத் ‘தீக்காற்று’ என்று பெயரிட்டார். ஆனால் அவருடைய நூல் 1777-இல்தான் வெளிவந்தது.

அதற்குள் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி அதே வாயுவைக் கண்டுவிட்டார். 1774 ஆகஸ்ட் 1-ஆம் நாள், 12 அங்குல விட்டமுள்ள பெரிய குவிலென்சினால் சூரிய ஒளியைக் குவித்துச் சிவந்த பாதரச நீற்றைச் சூடாக்கினார். வெளிவந்த வாயுவில் மெழுகுவர்த்தி வியக்கத்தக்க ஒளியுடன் எரிந்தது. எதை எதிர்பார்த்து அந்த மெழுகுவர்த்தியை உள்ளே செலுத்தினோம் என்பது தமக்கே நினைவில்லை என்று பின்னாளில் அவர் எழுதினார். வியப்பும் ஆவலும் சோதனையை நடத்தின. கொள்கை பின்னால் வந்தது.

மறு ஆண்டு ஒரு சுண்டெலியை அந்த வாயுவில் விட்டார். அதே அளவு சாதாரணக் காற்றில் கால் மணி நேரம் தாங்கக்கூடிய எலி, இதில் அரை மணி நேரம் உயிருடன் இருந்தது. பிரீஸ்ட்லி தாமும் அதைச் சுவாசித்துப் பார்த்தார். நெஞ்சு இலேசானது போலிருந்ததாம்.

சரி, இது என்ன வாயு? பிரீஸ்ட்லியிடம் இருந்த சொல் ஃபிளாஜிஸ்டன் ஒன்றே. அச்சொல்லைக் கொண்டு அவர் சிந்தித்தார்: ‘இதில் பொருள்கள் நன்றாக எரிகின்றன. ஆகவே இது ஃபிளாஜிஸ்டனை மிகுதியாக ஏற்கிறது. ஆகவே இதில் ஃபிளாஜிஸ்டன் சிறிதும் இல்லை.’ அதனால் ‘ஃபிளாஜிஸ்டன் நீங்கிய காற்று’ என்று பெயரிட்டார். இந்தத் தருக்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை. தொடங்கிய இடமே தவறு. வாயு கையில் இருந்தது. அதைத் தனிப் பொருளாகக் காட்டும் சொல் இல்லை.

தராசின் சாட்சி

பாரிஸில் லவாய்சியர் 1772-லேயே கந்தகமும் பாஸ்பரஸும் எரியும்போது எடை கூடுவதைக் கண்டிருந்தார். வேறு எவரேனும் முந்திவிடுவார்களோ என்ற அச்சத்தில், இதை ஒரு தாளில் எழுதி முத்திரையிட்டு அந்நாட்டு அறிவியல் கழகத்தில் ஒப்படைத்தார். குளிர்ந்த பகுத்தறிவுக்குப் பெயர்போன இவரையும் உணர்ச்சி விட்டுவைக்கவில்லை! 1774 அக்டோபரில் பாரிஸ் வந்த பிரீஸ்ட்லி, விருந்தொன்றில் தம் புதிய வாயுவைப் பற்றி அவரிடமே கூறினார்.

பின்னர் லவாய்சியர் செய்த சோதனை புகழ்பெற்றது. பாதரசத்தை 50 கன அங்குலக் காற்றுடன் அடைத்துப் பன்னிரண்டு நாட்கள் சூடாக்கினார். காற்று 42 அல்லது 43 கன அங்குலமாகக் குறைந்தது. எஞ்சிய காற்றில் தீ அணைந்தது. பாதரசத்தின்மேல் படிந்த 45 கிரெயின் சிவப்பு நீற்றைத் தனியே எடுத்துச் சூடாக்கியபோது, ஏறத்தாழ 7 அல்லது 8 கன அங்குல வாயு வெளிவந்தது. போனது எவ்வளவோ அவ்வளவே திரும்பிற்று. எனவே எரியும் பொருளிலிருந்து எதுவும் வெளியேறவில்லை; காற்றின் ஒரு பகுதி வந்து அதனுடன் சேருகிறது. எடை கூடும் புதிர் இவ்வாறு விடுபட்டது.

பெயருக்குள் கொள்கை

அறிவியலின் சொற்களைச் சீர்செய்யாமல் அறிவியலைச் சீர்செய்ய முடியாது என்று லவாய்சியர் உறுதியாக நம்பினார். 1787-இல் அவரும் கிடான் தெ மோர்வோ, பெர்த்தொலே, ஃபூர்க்ருவா ஆகியோரும் சேர்ந்து வேதியியலுக்குப் புதிய பெயர்முறையை வெளியிட்டனர். அதுவரை ‘துத்தநாகப் பூ’ என்றும் ‘ஆண்டிமனி வெண்ணெய்’ என்றும் பெயர்கள் வழங்கின. புதிய முறையில் துத்தநாகப் பூ ‘துத்தநாக ஆக்சைடு’ ஆயிற்று. பெயரைச் சொன்னாலே அதன் சேர்க்கை விளங்கும். மாணவர்களுக்கு இது பெரும் உதவி.

ஆயினும் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ‘துத்தநாக ஆக்சைடு’ என்று ஒருவர் உச்சரித்துவிட்டால், அவர் லவாய்சியரின் கொள்கையை ஏற்றுக்கொண்டவர் ஆகிறார். இந்தச் சொற்களில் பேசிக்கொண்டே ஃபிளாஜிஸ்டனுக்காக வாதாடுவது கடினம்.

அந்தச் சொற்களே லவாய்சியரையும் சறுக்க வைத்தன. கந்தகம், பாஸ்பரஸ், கரி ஆகியவை அவ்வாயுவில் எரிந்தபின் நீருடன் சேர்ந்து அமிலங்களைத் தந்தன. ஆகவே எல்லா அமிலங்களுக்கும் அதுவே மூலம் என்று முடிவுகட்டி, ‘அமிலத்தைப் பிறப்பிப்பது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ‘ஆக்சிஜன்’ என்று பெயரிட்டார். சில எடுத்துக்காட்டுகளிலிருந்து எல்லாவற்றுக்கும் தாவியது பகுத்தறிவின் பிழை. அப்பிழையைக் கல்வெட்டாக்கியது மொழி.

இங்கிலாந்தின் ஹம்ஃப்ரி டேவி 1807-இல் காரங்களான பொட்டாஷிலும் சோடாவிலும் ஆக்சிஜன் இருப்பதைக் காட்டினார். அமிலத்துக்கு நேர் எதிரான பொருளில் ‘அமிலம் பிறப்பிப்பது’! 1810-இல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் அறவே இல்லை என்று அவரே விளக்கினார். அதிலுள்ள தனிமத்துக்கு அதன் வெளிர்பச்சை நிறத்தைக் கொண்டு ‘குளோரின்’ என்று பெயரிட்டார். கொள்கை மாறினாலும் நிறம் மாறாது அல்லவா? ஆனால் ஆக்சிஜன் என்ற பெயர் போகவில்லை. ஜெர்மன், ரஷ்ய, ஜப்பானிய மொழிகளிலும் அதன் பெயர் இன்றும் புளிப்பையோ அமிலத்தையோதான் குறிக்கிறது.

பிடிவாதத்தின் பயன்

புதிய கொள்கையை எதிர்த்து 1787-இல் நூல் எழுதியவர் அயர்லாந்தின் கிர்வன். லவாய்சியரின் மனைவி அதை மொழிபெயர்க்க, லவாய்சியரும் நண்பர்களும் மறுப்புரை சேர்த்து வெளியிட்டனர். அவற்றைப் படித்துச் சிந்தித்த கிர்வன் 1791-இல் தம் கொள்கையைக் கைவிட்டார். மனம் மாறுவதற்கும் துணிவு வேண்டும்.

பிரீஸ்ட்லி மாறவில்லை. 1791-இல் பர்மிங்காமில் கலகக் கும்பல் ஒன்று அவருடைய வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் அழித்தது. 1794-இல் அமெரிக்காவில் குடியேறினார். 1800-இலும் ஃபிளாஜிஸ்டனுக்காக நூல் எழுதினார். 1804-இல் அதே நம்பிக்கையுடன் மறைந்தார். வெறும் முரட்டுத்தனமா இது? இல்லை. ‘இரும்பு நீற்றைக் கரியுடன் சுட்டால் எரியும் காற்று வருகிறதே, அது எங்கிருந்து வந்தது?’ என்று அவர் கேட்டார். புதிய கொள்கையினர் திணறினர். 1801-இல்தான் குரூக்‌ஷாங்க் அதற்கு விடை கண்டார்: அது ஹைட்ரஜன் அன்று, கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு. இரு வேறு வாயுக்கள் ‘எரியும் காற்று’ என்ற ஒரே பெயருக்குள் ஒளிந்திருந்தன. பிரீஸ்ட்லியின் பிடிவாதம் இல்லையேல் இக்குழப்பம் மேலும் சில காலம் மறைந்தே கிடந்திருக்கும்.

நம் மொழியில்

தமிழில் இவ்வாயுவைப் பிராணவாயு என்கிறோம். அமிலப் பிழை இப்பெயரில் இல்லை. ஆயினும் இதுவும் பாதி உண்மையே. இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதும் இதே வாயுதான். வில்வாத நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் ஆக்சிஜன் உள்ள இடத்தில் வளர்வதில்லை. அதற்கு இது ‘பிராண’ வாயு அன்று.

‘கரியமில வாயு’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: கரி, அமிலம். கார்பன் டைஆக்சைடை ‘கார்பானிக் அமில வாயு’ என்று ஐரோப்பியர் வழங்கிய பழைய பெயரின் தமிழாக்கம் இது. உலர்ந்த கார்பன் டைஆக்சைடு உலர்ந்த நீல லிட்மஸ் தாளைச் சிவப்பாக்குவதில்லை; நீரில் கரைந்தால்தான் மென்மையான அமிலம் உண்டாகிறது. ஆக, லவாய்சியர் காலத்துக் கருத்தொன்று நம் அன்றாடப் பேச்சில் இன்றும் உயிருடன் இருக்கிறது.

அப்படியானால் பெயர்களையே நம்பக் கூடாதா? நம்பலாம், அவற்றை விடையாகக் கொள்ளாமல் வினாவாகக் கொள்ள வேண்டும். தாய்மொழியில் படிக்கும் உங்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ‘ஆக்சிஜன்’ என்ற சொல்லின் உட்பொருள் கிரேக்கம் அறியாதவருக்கு மறைந்திருக்கிறது. ‘கரியமில வாயு’ உங்களிடம் வெளிப்படையாகப் பேசுகிறது. அது சொல்வது சரியா என்று நீங்களே சோதிக்கலாம்.

இனி ஒரு புதிய செய்தியை ஏற்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இது உண்மையாக இருக்கவேண்டும் என்று என் மனம் விரும்புகிறதா? எத்தனை எடுத்துக்காட்டுகளிலிருந்து இந்த முடிவு எடுக்கப்பட்டது? இதன் பெயர் நான் அறியாமலே எதையாவது என்னை நம்ப வைக்கிறதா? உங்கள் வேதியியல் புத்தகத்திலிருந்து ஐந்து கலைச்சொற்களைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பெயர் ஏன் வந்தது என்று தேடிப் பாருங்கள். அவற்றுள் ஒன்றாவது, தான் சுட்டும் பொருளைப் பற்றி இன்று நாம் ஏற்காத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும்.