வைரமுதுகு அந்துப்பூச்சி

வைரமுதுகு அந்துப்பூச்சி (புளுட்டெல்லா சைலோசுடெல்லா) என்பது முட்டைக்கோசு, பூக்கோசு, முள்ளங்கி, கடுகு முதலிய கடுகுக் குடும்பப் பயிர்களைத் தாக்கும் ஒரு சிறு பூச்சி ஆகும். அசுவினி, தண்டுத் துளைப்பான் போன்றவையும் முட்டைக்கோசைத் (இலங்கை வழக்கில் கோவா) தாக்குகின்றன. எனினும் பூச்சிக்கொல்லிகளுக்கு எளிதில் பணியாமையால் உலகெங்கும் கோசு பயிரிடுவோருக்குப் பெருந்தொல்லையாக இருப்பது இதுவே.

வாழ்க்கை வட்டம்

முதிர்ந்த பூச்சி ஏறத்தாழ 1 செ.மீ. நீளமே உடையது. சிறகுகளை மடித்து அமரும்போது அதன் முதுகில் சாய்சதுர வடிவங்கள் வரிசையாகத் தெரியும். பெயரில் உள்ள வைரம் மணியின் ஒளியைக் குறிப்பதன்று. சீட்டுக்கட்டின் டைமன் வடிவத்தையே குறிக்கிறது.

முட்டையிலிருந்து வெளிவரும் புழு முதலில் இலைக்குள் துளைத்துச் சென்று உண்ணும். பின்னர் வெளியே வந்து, அடிப்புறத்திலிருந்து இலையைச் சுரண்டித் தின்னும். மேல்தோல் மட்டும் எஞ்சுவதால் அவ்விடம் கண்ணாடித்தாள் ஒட்டியது போலத் தோன்றும். தொட்டால் புழு துடித்து நெளிந்து, நூலிழையில் தொங்கி இறங்கும். வெப்பமான சூழலில் இரண்டு, மூன்று வாரங்களிலேயே ஒரு தலைமுறை முடிந்துவிடும்.

கடுகின் காரத்துக்கு மூலமான குளுக்கோசினோலேட்டுகள் பல பூச்சிகளை விரட்டுவன. இப்புழுவின் குடலிலுள்ள ஒரு நொதியம் அவற்றை நஞ்சாக மாறவிடாமல் தடுக்கிறது. பெண் பூச்சியோ, முட்டையிடத் தகுந்த செடியை அடையாளம் காண அதே வேதிப்பொருள்களைப் பயன்படுத்துகிறது.

பூச்சிக்கொல்லி எதிர்ப்பு

1953இல் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் இப்பூச்சி டி.டி.டி. மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்றது பதிவு செய்யப்பட்டது. பின்னர் வந்த மருந்துகள் பலவும் இவ்வாறே ஒவ்வொன்றாகப் பயனிழந்தன. பேசில்லசு துரிஞ்சியென்சிசு என்னும் பாக்டீரியாவின் புரதம் புழுவின் குடற்சுவரில் பற்றிக்கொண்டு துளைகளை ஏற்படுத்திக் கொல்வது. வயல்வெளியில் இதற்கும் எதிர்ப்பாற்றல் பெற்ற முதல் பூச்சி இதுவே. அவாய்த் தீவுகளில் கண்ட இந்நிகழ்வு 1990இல் வெளியிடப்பட்டது. 2000களின் இறுதியில் சந்தைக்கு வந்த டையமைடு வகை மருந்துகள் சில ஆண்டுகளிலேயே பிலிப்பைன்சு, தாய்லாந்து நாடுகளில் வலுவிழந்தன. மருந்து பற்றும் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்ததே அங்கு கண்டறியப்பட்ட காரணம்.

மருந்து பலிக்கவில்லை எனில் அளவைக் கூட்டுவதும் அடிக்கடி தெளிப்பதும் உழவரின் இயல்பு. ஆனால் எதிர்ப்பாற்றல் இல்லாத புழுக்கள் மடிய, உள்ளவை மட்டுமே பெருகுகின்றன. அத்துடன் புழுவை அழிக்கும் குளவிகளும் மடிகின்றன. இந்த இரண்டாவது இழப்பே பெரிது எனலாம்.

இயற்கை எதிரிகள்

டையடெக்மா செமிகிளாசம் என்னும் ஒட்டுண்ணிக் குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குளவியின் இளம்புழு உள்ளிருந்தே உண்டு அதைக் கொல்லும். இது குளிர்ந்த மலைப்பகுதிகளுக்கே ஏற்றது. மலேசியாவின் கேமரன் மலையில் 1970களில் அறிமுகம் செய்யப்பட்டது, நீலகிரியிலும் நிலைபெற்றுள்ளது. வெப்பமான சமவெளிகளில் கொட்டீசியா என்னும் வேறொரு குளவி இப்பணியைச் செய்கிறது. பல்வகைப் பூச்சிகளையும் கொல்லும் மருந்துகளைத் தெளிக்கும் வயல்களில் இக்குளவிகளால் பயனில்லை.

கட்டுப்படுத்தும் முறைகள்

பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் கடுகைப் பொறிப்பயிராகப் பரிந்துரைத்தது. 25 வரிசைக் கோசுக்கு இரு வரிசைக் கடுகு என விதைக்கப்படும். முதல் வரிசை கோசு நடுவதற்கு 15 நாள் முன்பும், இரண்டாவது நட்ட 25 நாள் கழித்தும் விதைக்கப்படுவதால் இளங்கடுகு தொடர்ந்து கிடைக்கும். கடுகில் சேரும் புழுக்களை அவ்வப்போது அழிப்பது இன்றியமையாதது. தவறினால் கடுகே பூச்சியின் நாற்றங்காலாகிவிடும்.

5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்புப் பொடியை இரவு முழுதும் நீரில் ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். இது உடனே கொல்லாது. புழு தோலுரிப்பதையும் உண்பதையும் தடுக்கும். தெளிப்பு நீர்ப்பாசனமும் இளம்புழுக்களைக் கழுவி வீழ்த்தும், மாலையில் பூச்சிகள் இணைசேர்வதையும் குலைக்கும்.

மருந்து தேவைப்படுமாயின், புழுக்களை எண்ணிப் பார்த்த பின்னரே தெளிக்க வேண்டும். ஒரே வகை மருந்தை அடுத்தடுத்த தலைமுறைகளுக்குத் தெளித்தல் கூடாது. பெயர் வேறான இரு மருந்துகள் ஒரே முறையில் செயல்படக்கூடும் என்பதால் வணிகப் பெயரை மட்டும் பார்த்து மாற்றுவது போதாது. அறுவடைக்குப் பின் நிலத்தில் நிற்கும் கோசுக் கட்டைகள் துளிர்த்து அடுத்த பயிருக்கான பூச்சிகளை வளர்ப்பதால், அவற்றை உடனே உழுது புதைக்க வேண்டும்.