பிராசஸரில் கோர்கள் பல; பாடல் பதிவில் தடுமாற்றம் ஏன்?

சித்தூர்: சித்தூர் - திருப்பதி சாலையில் உள்ள புத்தலப்பட்டு போன்ற சிற்றூர்களிலும் இன்று வீட்டின் ஓர் அறையை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றிவிட முடியும். ஒரு மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கணினி ஆகியவையே போதுமானவை. ஆனால், கடன் வாங்கி அதிகக் கோர்கள் கொண்ட கணினியை அமைத்த பின்னரும், பாடிக்கொண்டிருக்கும்போதே வெடிப்பொலி எழுந்து பதிவு கெடுவது உண்டு. பிராசஸர் 20 சதவீதமே இயங்குவதாகக் கணினி காட்டும் வேளையிலும் இவ்வாறு நிகழ்வதே குழப்பத்திற்குக் காரணம்.

மூன்று மில்லி விநாடிக்கும் குறைவான கெடு: ஒலிப்பதிவு மென்பொருள், ஒலியைச் சிறு சிறு துண்டுகளாகக் கையாள்கிறது. இத்துண்டின் அளவே பஃபர் எனப்படுகிறது. விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் 128 மாதிரிகள் கொண்ட ஒரு துண்டுக்குக் கிடைக்கும் அவகாசம் 2.67 மில்லி விநாடி மட்டுமே. வீடியோ கோப்பை மாற்றும் பணி தாமதமானால் காத்திருக்கலாம். நேரடி ஒலிக்கு அந்த வாய்ப்பில்லை. கெடு தவறினால் ஒலியில் இடைவெளி விழுந்துவிடும்.

ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் பணி: ஒரு பாடகரின் குரல், இரைச்சல் நீக்கம், ஈக்வலைசர், கம்ப்ரஸர், ரிவெர்ப் என வரிசையாகப் பல பிளகின்களைக் கடக்கிறது. முந்தையது முடிந்தால்தான் அடுத்தது தொடங்க இயலும். எனவே, ஒரு டிராக்கின் பணியைப் பல கோர்களுக்குப் பிரித்தளிப்பது கடினம். அடுப்பில் சோறு வேகும் வரை, பரிமாற எட்டுப் பேர் நின்றாலும் பந்தி தொடங்காது. எல்லா டிராக்குகளும் வந்து சேரும் மாஸ்டர் டிராக்கும் கடைசியாக வரும் டிராக்குக்காகக் காத்திருக்கிறது. எட்டுக் கோர்களில் ஒன்று முழுச் சுமையில் திணறினாலும், மற்றவை ஓய்ந்திருந்தால் சராசரி 12.5 சதவீதம் என்றே காட்டப்படும்.

கணினி அறிஞர் ஜீன் அம்டால் 1967-ம் ஆண்டிலேயே இந்த வரம்பைச் சுட்டிக்காட்டினார். ஒரு பணியில் கால் பங்கு பிரிக்க இயலாதது எனில், எத்தனை கோர்களைச் சேர்த்தாலும் வேகம் நான்கு மடங்கைத் தாண்டாது.

இயங்குதளத்தின் பங்கு: விண்டோஸ் 10 வெளியானபோது, மல்டிமீடியா பணிகளுக்கு முன்னுரிமை அளிக்கும் சேவை, ஒரு மென்பொருளுக்கு 32 த்ரெட்களுக்கு மேல் அனுமதிக்கவில்லை. இதனால் கோர்கள் அதிகமுள்ள கணினிகளிலேயே ஒலி தடைபட்டது. கியூபேஸ் மென்பொருளைத் தயாரிக்கும் ஜெர்மனியின் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் இது குறித்துப் பயனர்களுக்கு விளக்கம் அளித்தது. இன்டெல் நிறுவனம் 2021-ல் அறிமுகப்படுத்திய 12-ம் தலைமுறை பிராசஸர்களில் வேகமான கோர்களுடன் மின்சிக்கனக் கோர்களும் இடம்பெற்றன. அவசரமான ஒலிப் பணி மின்சிக்கனக் கோருக்குச் சென்றுவிட்டால் கெடு தவறக்கூடும்.

தீர்வு என்ன?: ஏற்கெனவே பதிவான டிராக்குகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும் வசதி கியூபேஸ், ரீப்பர் ஆகியவற்றில் உள்ளது. ஆனால், இன்னும் பாடப்படாத ஸ்வரத்தை முன்கூட்டியே கணக்கிட முடியாது. ஆகவே, பாடும் டிராக்கில் பிளகின்களைக் குறைப்பதும், முடிந்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்வதும் பயன் தரும். இன்டர்ஃபேஸில் நேரடியாகக் குரலைக் கேட்கும் வசதி இருந்தால், பாடும்போதும் பெரிய பஃபரைப் பயன்படுத்தலாம். மிக்சிங்கின்போது பஃபரை 1,024 ஆக உயர்த்தினால் அவகாசம் 21.3 மில்லி விநாடியாகும். கணினியின் மின்சிக்கன அமைப்பை மாற்றுவதும் அவசியம்.

அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகள் ஒலிக்கும் திருப்பதி வட்டாரத்தில், மூத்த கலைஞர் ஒருவரின் ஆலாபனை மறுமுறை அதேபோல் அமையும் என்ற உறுதி இல்லை. எனவே, புதிய கணினிக்குப் பணம் செலவிடும் முன், கோர்களின் எண்ணிக்கையோடு ஒவ்வொரு கோரின் தனி வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே பதிவையும் பணத்தையும் காக்கும் வழியாகும்.